கூண்டுக்கு வலை அடித்த கதை

சென்ற மாதம் ஒரு எல்லைத் தகராறு வழக்குக்காக, எங்கள் ஆபீஸில் வரைந்த பிளானை ஒப்படைக்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வேலை கீழ்த்தளத்தில்தான். ஆனாலும் கால் தானாக மாடிக்குப் போயிற்று. மேலே அந்தப் பெரிய ஹாலில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கும் கூண்டுக்குக் கம்பி வலை அடித்திருந்தார்கள். இங்கே மலையாளத்தில் குற்றம் சாட்டப்பட்டவனைப் பிரதி என்பார்கள். அவன் கூண்டு பிரதிக்கூடு. முன்பு மார்பளவு உயரத்துக்கு மரக் கடைசல் கால்கள் மட்டும்தான். இப்போது தலைக்கு மேல் வரை வலை.

கூட வந்த இளம் வக்கீல், "பிரதிகள் சாடிப் போகாதிருக்கான் ஆணு சேச்சி" என்று எனக்கு விளக்கம் சொன்னான். தாண்டி ஓடாமல் இருக்கவாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வலது கை ஆள்காட்டி விரலின் நடு மூட்டு லேசாக வலித்தது. அந்த வலை ஓடுகிறவனுக்காக அடித்ததல்ல, என் விரலுக்காக அடித்தது. அவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் பிளான் வரைகிறவள். வீடு வலியசாலையில், பூர்வீகம் நாஞ்சில் நாடு. பழவங்காடியில் ஒரு ஆர்கிடெக்ட் ஆபீஸில் பல வருஷமாக வேலை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் வாசல்களைத்தான் பார்ப்பேன். யார் எந்த வழியாக வருகிறார்கள், யாருடைய முதுகு யாரைப் பார்த்து இருக்கிறது, யாருக்கு உட்கார இடம், யாருக்கு நிற்க இடம். அதைப் பார்த்தாலே அந்தக் கட்டடத்தில் யார் எஜமான் என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பெயர். அது பொய்யில்லை.

எங்கள் ஆபீஸ் முதல் மாடியில். என் மேசை ஜன்னலோரம். தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு ஹோட்டல். அதன் பரோட்டாக் கல்லும் மாவுப் பலகையும் வாசலிலேயே, தெருவைப் பார்த்து. பரோட்டா மாஸ்டர் தென்காசிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். சாயங்காலம் அவர் மாவை வீசி அடிக்கிற சத்தம் கேட்டால் நான் டீ குடிக்க எழுந்திருப்பேன். தெருவில் என்னைப் பார்த்தால் "என்னக்கா" என்பார், நான் "என்ன தம்பி" என்பேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் அந்த ஹோட்டலுக்கு மூன்று பேர் சாப்பிட வந்திருக்கிறார்கள். ஒருவன் எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறான். ஒரு குடும்பம் இடமில்லாமல் பக்கத்தில் நின்றது. மாஸ்டர் போய், "கால எடுங்கண்ணே, பிள்ள நிக்கி" என்றாராம். அவன் எடுத்தானாம். எல்லாரும் பார்க்க எடுக்க வேண்டியதாகிவிட்டது. குற்றம் அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. நான் பார்த்தது சாயங்காலம்.

மூவரும் திரும்பி வந்தார்கள். நல்ல வெளிச்சம். காலை எடுத்தவன் முதுகுப்பக்கம் சட்டைக்குள்ளிருந்து வெட்டுக்கத்தியை உருவினான். தேங்காய் பிளக்க, விறகு கீற என்று இந்த ஊரில் எல்லா வீட்டிலும் கிடக்கிற, மூக்கு வளைந்த கத்தி. மற்ற இருவரும் மாஸ்டரின் வலது கையை மாவுப் பலகையோடு சேர்த்து அமுக்கினார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. முதல் வெட்டு எலும்பில் மாட்டிக்கொண்டது. அவன் கத்தியை இப்படியும் அப்படியும் ஆட்டி உருவி, மறுபடி ஓங்கினான். பிறகு மறுபடியும். கை தனியாகப் போகும்வரை நிறுத்தவில்லை. உருட்டி வைத்திருந்த மாவு உருண்டைகள் எல்லாம் சிவந்துபோயின. கல் காய்ந்து கிடந்தது. அதன்மேல் தெறித்த ரத்தம் பொரிந்த வாசனை என் ஜன்னல் வரை வந்தது. அதற்குப் பிறகு நான் பரோட்டா தின்றதில்லை.

வெட்டியவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். கத்துவது யார் என்று பார்த்தான். அவன் முகம் எனக்கும், என் முகம் அவனுக்கும் அந்த நிமிஷத்திலேயே மனப்பாடமாகிவிட்டது.

கையைப் பார்சல் கட்டும் வாழையிலையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒட்ட முடியவில்லை. போலீஸ் வந்து விசாரித்தபோது அந்தத் தெருவில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. ஹோட்டல் முதலாளி உள்ளே சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பக்கத்துக் கடைக்காரர் குனிந்து ஏதோ எடுத்துக்கொண்டிருந்தாராம். தெருவே ஒட்டுமொத்தமாகக் குனிந்திருந்திருக்கிறது. நான் பார்த்தேன் என்று சொன்னேன். ஆக, மாஸ்டரின் வாயும் என் வாயும் தவிர அந்த வழக்குக்கு வேறு பிடிமானம் கிடையாது. நாங்கள் இருவரும் பேசினால் அவர்கள் உள்ளே போவார்கள். பேசாவிட்டால் ஜாலியாக வெளியே நடப்பார்கள்.

விசாரணைக்கு வர வருஷங்கள் ஆயின. மூவரும் ஜாமீனில் வெளியே. சம்மன் வந்த அன்று என் வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார்.

"உனக்கு எதுக்குட்டி இந்தச் சோலி? சன்னல அடச்சிட்டு உன் வேலையப் பாத்திருக்கப்பிடாதா?"

"சன்னல் காத்துக்கு உள்ளது. தொறந்துதான் கெடக்கும்."

"நம்ம பிள்ளையோ டியூசன் விட்டு வாற வழி அது. அவனுவோ ஜாமியத்துல சுத்திட்டுக் கெடக்கானுவோ, கேட்டியா?"

"அந்த ஆளுக்குக் கை போச்சு."

"போன கை இனி வருமா?"

"வராது. அதுக்காவ வெட்டுனவன் கையப் பிடிச்சுக் குலுக்கவா சொல்லுகியோ?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். பயத்தை அவர் வாய்விட்டுச் சொன்னார், நான் சண்டையாக்கிவிட்டேன்.

எந்த நீதிமன்றம் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் பார்த்த பழைய நீதிமன்றங்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே ஜாதகம்தான். முகப்பில் அண்ணாந்து பார்க்க வைக்கும் தூண்கள், வளைவுகள், வெள்ளையும் மஞ்சளும் அடித்த கனத்த சுவர். வெளியூர்க்காரர்கள் எதிரே நின்று படம் எடுப்பார்கள். எனக்கும் கேட்டில் நின்று பார்த்தபோது மனசு ஒரு கணம் அடங்கியது உண்மை. இத்தனை உயரமாகக் கட்டியவர்கள் நியாயத்தையும் உயரத்தில்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளே போனதும் அந்த நினைப்பு போயிற்று.

நான் பிளான் வரைகிறவள், அதனால் மாடி ஏறி முடிப்பதற்குள் மனசுக்குள் வரைந்துவிட்டேன். நீதிபதிக்குத் தனிப் படிக்கட்டு, தனி அறை, மேடைக்குப் பின்னால் தனிக் கதவு. வக்கீல்களுக்கு ஒரு ஹால். பழைய வழக்குக் கட்டுகளுக்குப் பூட்டுப் போட்ட அறை. வாசலில் ஸ்கூட்டர்களுக்குக்கூட வெயில் படாமல் ஒரு ஷெட். சாட்சி சொல்ல வருகிறவனுக்கு மட்டும் அந்த பிளானில் இடமே கிடையாது. மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு, ஒரே நீள வராந்தா, சுவரோரம் ஒரே வரிசை பெஞ்சு. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களுக்கு வீடு வரையும்போது, மீன் கொண்டு வருகிறவர் வழியும் விருந்தாளி வழியும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று திரும்பத் திரும்பத் திருத்தச் சொல்வார்கள். இங்கே வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் அதைப் பார்த்தவளும் ஒரே பெஞ்சில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். பெண்களுக்கான கழிப்பறை வராந்தாவின் அந்தக் கோடியில். போவதானால் அவர்கள் கூட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் எனக்கு முன்பே வந்து பெஞ்சு முனையில் உட்கார்ந்திருந்தார். இப்போது ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை. வலது கையின் மொட்டையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"சாப்பிட்டியளாக்கா?" என்றார்.

"ஆச்சு. நீங்க?"

"எறங்கலக்கா. நீங்க வருவியன்னுதான் தெகிரியமா வந்தேன்."

"உள்ளத உள்ளபடி சொல்லிட்டுப் போவோம் தம்பி. நமக்கென்ன."

மூவரோடு கூட்டாளிகளும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவன் என் முன்னால் வந்து நின்றான். ஷூக் காலை என் செருப்புக் காலின்மேல் வைத்து, மெதுவாக உடம்பின் கனத்தை இறக்கினான். விரல்கள் நசுங்கின. அவன் முகம் சிரித்தபடி இருந்தது. "ஸாரி சேச்சி, ஸ்தலம் இல்ல" என்றான். இடம் இல்லை என்பது நிஜம்தான். என் வயிற்றெரிச்சலே அதுதான். மடக்கி வைத்திருந்த குடையின் முனையை அவனுடைய இன்னொரு ஷூவின்மேல் ஊன்றி, எழுந்து நின்று இரண்டு கையாலும் அழுத்தினேன். அவன் துள்ளிப் பின்னால் போய்ச் சுவரில் மோதினான். "ஸ்தலம் இல்ல மோனே" என்றேன். அங்கே நின்ற யாரும் எதையும் பார்க்கவில்லை. நீதிமன்ற வராந்தாவிலும் எல்லாரும் குனிந்துதான் இருந்தார்கள்.

அரசுத் தரப்பு வக்கீல் கறுப்பு கவுனோடு வேகமாக வந்தார். "பேடிக்கண்டா சேச்சி, கண்டது பறஞ்ஞா மதி" என்றார். பயப்பட வேண்டாம், பார்த்ததைச் சொன்னால் போதுமாம். பயப்பட நேரம்கூடக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் டவாலி வாசலுக்கு வந்து, மாஸ்டரின் பெயரையும் அப்பா பெயரையும் ஊர் பெயரையும் வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூவினார். யாரைத் தேட வேண்டும் என்று இனி யாருக்கும் சந்தேகம் இருக்காது.

ஒரு சாட்சி சொல்வதை அடுத்த சாட்சி கேட்கக் கூடாது, அதனால் நான் வெளியே நிற்க வேண்டும். அது சட்டம். ஹாலுக்குக் காற்று வேண்டும் என்று வராந்தாப் பக்கம் இடுப்புயர ஜன்னல்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன. சட்டம் போட்டவரும் கட்டடம் கட்டியவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது. நான் வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தேன், கேட்டேன். அவர்களுடைய ஆட்களும்தான்.

பொதுஜனங்கள் நுழையும் வாசல் ஹாலின் பின்பக்கம். நுழைந்தவுடன் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கூண்டு. இன்னொரு கூண்டு ஹாலின் அந்தக் கோடியில், நீதிபதியின் மேடையை ஒட்டி. இரண்டும் ஒரே மரம், ஒரே கடைசல், ஒரே பாலிஷ். எது யாருக்கு என்று போர்டு கிடையாது; தினம் வருகிறவர்களுக்குப் போர்டு வேண்டாம் அல்லவா. மாஸ்டரைப் பொறுத்தவரை கூண்டு என்றால் கூண்டு, ஏறி நின்று நடந்ததைச் சொல்லும் இடம். கோயிலுக்குள் போகிறவர் மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி நுழைந்து, முதலில் கண்ட கூண்டின் கதவைத் தள்ளி ஏறிவிட்டார். அது பிரதிக்கூடு. மூவரும் ஏற்கெனவே அதற்குள் நின்றிருந்தார்கள்.

அவர்கள் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

வக்கீல்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. நீதிபதி தலை குனிந்து ஏதோ கட்டைப் படித்துக்கொண்டிருந்தார். வெட்டியவன் பழைய சிநேகிதன் போல மாஸ்டரின் தோளில் கையைப் போட்டான். அந்தக் கை கீழே இறங்கியது. துண்டுக்குள் இருந்த மொட்டைக் கையைத் தேடிப் பிடித்து நசுக்கியது. மாஸ்டரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவன் காதோடு வாய் வைத்து ஏதோ சொன்னான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாக, "அங்க இல்ல தம்பி, எறங்குங்க!" என்று கத்தினேன். டவாலி ஓடி வந்து என்னை அதட்டினார். பிறகு ஒருவர் போய் மாஸ்டரைக் கையைப் பிடித்து இறக்கி, ஹாலின் மறுகோடிக்குக் கூட்டிப் போய்ச் சரியான கூண்டில் ஏற்றினார். எல்லாரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மொகம் ஞாவகம் இல்லய்யா" என்றார் மாஸ்டர். "பொகையா இருந்துச்சு. கூட்டமா இருந்துச்சு."

அரசுத் தரப்பு வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டார். இவர்களா? தெரியாதய்யா. இவனா? தெரியாதய்யா. கடைசியில் வக்கீல் அலுத்துப்போய், சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். சொன்னதை டைப் செய்து கையெழுத்து வாங்க வேண்டும், அதுவரை நில் என்று மாஸ்டரைப் பின்னால் அனுப்பினார்கள். பெஞ்சு முழுக்க அவர்களுடைய ஆட்கள். அதனால் அவர் பிரதிக்கூட்டுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபமெல்லாம் அவர்மேல்தான். கையைக் கொடுத்தவனே வாயை மூடிக்கொண்டால் நான் எதற்காக இங்கே மிதிபட வேண்டும்? வீட்டில் அத்தனை சண்டை போட்டுவிட்டு வந்தவள் நான். டவாலி அடுத்து என் பெயரைக் கூவினார்.

நான் நேரே சாட்சிக் கூண்டுக்கு நடந்தேன். பேச ஆரம்பித்ததும் இன்னொன்று தெரிந்தது: கூரை அத்தனை உயரம், சொன்ன வார்த்தை மேலே போய் மின்விசிறியில் மாட்டிக்கொள்கிறது. "உறக்கே, உறக்கே" என்றார் நீதிபதி, சத்தமாகச் சொல் என்று. வெட்டுப்பட்டதை உரத்துச் சொல்வது மெதுவாகச் சொல்வது போல அல்ல. சொல்கிறவளுக்கே மறுபடி நடக்கிறது. எலும்பில் மாட்டிய கத்தியைச் சொன்னேன். அவன் ஆட்டி உருவியதைச் சொன்னேன். கல்லில் பொரிந்ததையும் சொன்னேன். ஹாலில் சிரிப்பு நின்றிருந்தது.

"வெட்டிய ஆள் இங்கே இருக்கிறானா?" என்று கேட்டார் அரசுத் தரப்பு வக்கீல்.

பார்த்தேன். பிரதிக்கூட்டுக்குப் பின்னால் பெரிய மேற்கு ஜன்னல். பகல் சாய்ந்த வெயில் அதன் வழியாக நேரே என் கண்ணில் அடித்தது. கூண்டில் மூன்று கறுப்பு உருவங்கள், முகம் இல்லை. கண்ணை இடுக்கினேன், கையால் மறைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. இந்த ஹாலை வரைந்த மகானுபாவன் முகப்பை ஆயிரம் தடவை பார்த்திருப்பான். சாட்சி நிற்கும் இடத்தில் ஒரு தடவை நின்று பார்த்திருக்க மாட்டான். அவர்களுடைய வக்கீல் எழுந்து, சாட்சிக்கு அடையாளம் தெரியவில்லை என்று குறித்துக்கொள்ளலாமே என்று பணிவாகச் சொன்னார்.

"தெரியும். வெயில் கண்ணுல அடிக்கி" என்றேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இறங்ஙி, அடுத்து சென்னு தொட்டு காணிக்கூ" என்றார். கிட்டே போய்த் தொட்டுக் காட்டு.

இறங்கி நடந்தேன். பெஞ்சுகளுக்கு நடுவே குறுகலான வழி. இரண்டு பக்கமும் அவர்களுடைய ஆட்கள் காலை நீட்டியிருந்தார்கள். ஒரு ஷூ என் கெண்டைக்காலில் இடித்தது. ஒருவன் "வலியசாலை" என்று என் தெருவின் பேரை மெல்லச் சொன்னான். டியூசன் விட்டு வரும் பிள்ளைகளின் முகம் கண்முன் வந்தது. நீதிபதி எனக்குப் பின்னால் எங்கோ தூரத்தில், மேடைமேல் இருந்தார். இந்த ஹாலின் அந்தக் கோடி அவருடையது, இந்தக் கோடி அவர்களுடையது. மாஸ்டர் நுழைந்தவுடன் போய் நின்றது இந்தக் கோடியில்தான். அவர்மேல் இருந்த கோபம் அந்த நடையிலேயே எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மிச்சம் இருந்த கோபத்தை அவர்களுக்கு வைத்துக்கொண்டேன்.

கூண்டை நெருங்கியதும் முகங்கள் வந்தன. நடுவில் அவன். ஜன்னலில் என்னை அண்ணாந்து பார்த்த அதே முகம். தொட வேண்டிய அவசியமே இல்லை. விரலை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டி, "இவந்தான்" என்றேன். "இவந்தான் வெட்டுனது. மத்த ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டானுவோ."

அவன் கை மின்னலாக வெளியே வந்தது. என் விரலைப் பிடித்து, மேல்பக்கமாக மடக்கினான். சுள்ளி ஒடிகிற சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. நான் கத்தினேன். அவன் விடவில்லை. ஒடிந்த விரலைத் திருகினான். கண்ணை என் கண்ணில் வைத்துக்கொண்டே திருகினான். போலீஸ்காரர் செல்போனைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது சுவரோரம் நின்ற மாஸ்டர் வந்து விழுந்தார். இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இறுகப் பிடித்தவன் விரல்களைப் பிரிக்க இன்னொரு கை வேண்டும். அவருக்கு அது இல்லை. அதனால் குனிந்து, அவன் கையில் பல்லைப் பதித்தார். கவ்வினார். அவன் அலறினான், மற்ற இருவரும் மாஸ்டரின் தலையிலும் முதுகிலும் குத்தினார்கள், மாஸ்டர் வாயை எடுக்கவில்லை. என் விரல் விடுபட்ட பிறகும் எடுக்கவில்லை. அவர் மோவாய் வழியாக ரத்தம் வழிந்தது. போலீஸ்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்துதான் அவரைப் பிய்த்து எடுத்தார்கள்.

ஹால் முழுக்கக் கூச்சல். மேடையில் நீதிபதி எழுந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் டவாலி அந்தத் தனிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே போய்விடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நீதிபதி கதவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்களில் யாருக்கும் அப்படி ஒரு கதவு இல்லை. அவர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, திரும்ப உட்கார்ந்தார். அந்த மனுஷர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டென்றால் அதற்காகத்தான்.

கூச்சல் அடங்கியதும் மாஸ்டரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "இந்த ஆளைத் தெரியாது என்றல்லவா சொன்னீர்? தெரியாத ஆளையா கடித்தீர்?"

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"தெரியும்யா" என்றார்.

அவர்களுடைய வக்கீல் ஆட்சேபித்தார். அரசுத் தரப்பு வக்கீல் சாட்சியை மறுபடி விசாரிக்க அனுமதி கேட்டார். கொஞ்ச நேரம் சட்டம் பேசினார்கள். நான் முன்வரிசையில், ஒரு பெண் போலீஸ் கொடுத்த கைக்குட்டையில் விரலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போக மாட்டேன் என்றேன். அனுமதி கிடைத்தது. மாஸ்டர் இந்தத் தடவை யாரும் வழி காட்டாமல் ஹாலின் நீளம் முழுக்க நடந்து, மேடைப் பக்கத்துக் கூண்டில் ஏறினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மொட்டைக் கையைக் கூண்டின் விளிம்பில் எல்லாரும் பார்க்க வைத்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலியிலிருந்து எடுக்கச் சொன்ன காலிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். முன்பு ஏன் மாற்றிச் சொன்னீர் என்று கேட்டார்கள்.

"தெரியாம அந்தக் கூண்டுல ஏறிட்டேன்யா. இவன் என் வெட்டுப்பட்ட கையப் பிடிச்சு நசுக்கிட்டு, 'மற்றே கை உண்டல்லோ'ன்னு காதுல சொன்னான். இன்னொரு கை இருக்குல்லான்னு." இடது கையைத் தூக்கிக் காட்டினார். "இருக்குய்யா. அத வச்சுத்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுதேன்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு பின்னால் வந்தது. மூவரும் சிறைக்குப் போனார்கள். என் விரலுக்குத் தனி வழக்குப் போட்டார்கள், அது தனியாக நடந்தது. கட்டட இலாகா வந்து பிரதிக்கூட்டுக்கு வலை அடித்தது. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவு. படிக்கட்டு அதேதான், வராந்தா அதேதான், பெஞ்சும் அதே பெஞ்சுதான். சென்ற மாதம் போனபோதும் ஒரு பெண் வீங்கிய கன்னத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒருவன் முழங்கையால் அவள் விலாவை இடித்துக்கொண்டே இருந்தான். நான் போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அவன் முறைத்தான். குடையை மடியில் வைத்துக்கொண்டு நானும் முறைத்தேன். அவள் பெயர் கூவப்படும்வரை எழுந்திருக்கவில்லை.

என் விரல் ஒடிந்த அன்று, விசாரணை முடிந்து அந்த ஒரே படிக்கட்டில்தான் நாங்களும் இறங்க வேண்டியிருந்தது. அவர்களுடைய ஆட்கள் படிக்கட்டின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பெண் போலீஸ் எனக்குப் பின்னால் வந்தாள். மாஸ்டர் எனக்கு முன்னால், இடது கையை விரித்து அவர்களை ஒதுக்கிக்கொண்டே இறங்கினார். அவர் சட்டையின் பின்பக்கம் கிழிந்திருந்தது. குத்து வாங்கிய இடங்கள் கறுத்திருந்தன. கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் திரும்பி என் கையைப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்காக்கா?"

காலையிலிருந்து அழாதவள் அப்போது அழுதேன். நடுத்தெருவில், வாய்விட்டு. "கையே போன மனுசன் ஒத்த விரலுக்குக் கேக்கேரே தம்பி" என்றேன்.

"எலும்பு ஒடிஞ்சா எல்லாருக்கும் வலிதானக்கா." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு மொத வெட்டு விழுந்தப்ப மேலருந்து நீங்க கத்துனியள்லா? 'விடுங்கலே, அவன் கைய விடுங்கலே'ன்னு. தெருவுல வேற ஒரு சத்தம் இல்லக்கா. அது ஒண்ணுதான் எனக்கு ஞாவகம் இருக்கு. இன்னைக்கு நீங்க கத்துனதும் என்ன ஏதுன்னு யோசிக்கல. கால் வந்துட்டு."

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் இருக்கிற கையை நீட்டி, வந்த ஆட்டோவை நிறுத்தினார்.